தொங்குகாது முயல் என்று வாங்கினேன், காது இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது

முதலில் அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். நீலத் துவாயில் வெண்ணெய் நிறத்தில் ஒரு முயல் குட்டி, இரண்டு காதும் கன்னத்தோடு ஒட்டித் தொங்கும், பக்கத்தில் அளவு காட்ட ஒரு தேநீர்க் கோப்பை. "ஹொலண்ட் லொப், எட்டுக் கிழமை, நாடு முழுக்க அனுப்பப்படும்" என்று முகநூலில் இந்தப் படத்தோடு விளம்பரம் கண்டால், காசு போடுமுன் இதை ஒருமுறை வாசியுங்கள். லொப் என்றால் தொங்குகாது முயல், ஹொலண்ட் லொப் அதில் ஒரு இனம்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். மகளுக்குப் பத்து வயது. நாய் கேட்டாள், மாமிக்கு நாயென்றால் பயம். பூனை கேட்டாள், கருவாடு காயவைக்கிற வீட்டில் பூனை எதற்கு என்றார் மாமி. கடைசியில் முயலில் வந்து நின்றது. வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது என்று முடிவு.

நான் அவசரப்பட்டு வாங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சல். இரண்டு மாதம் ஆயத்தம் செய்தேன். முயலுக்கு எங்களைப்போல வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். வெக்கை 30 பாகையைத் தாண்டினால் அதற்கு ஆபத்து. மேற்கிலிருந்து வெக்கையாகக் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் மேற்குச் சுவர்ப் பக்கம் வேண்டாமென்று ஹோலின் கிழக்கு மூலையை ஒதுக்கினேன். தண்ணீர்ப் போத்தலை ஐஸாக உறையவைத்துத் துணியில் சுற்றி வைத்தால் அதில் சாய்ந்து படுக்கும் என்று படித்து, நாலு போத்தல் எடுத்து வைத்தேன். டிவி வயர், ஃப்ரிட்ஜ் வயர், ரூட்டர் வயர் எல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள் போயின. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிக்காமல் அதால் இருக்க முடியாது. பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல மெத்தை இல்லை, டைல்ஸில் வழுக்கும். பழைய பன்பாய் விரித்தேன். (பாயில் பாதியை இப்போது தின்று முடித்துவிட்டது. அது வேறு கதை.) கினிப்புல்லுக்கும் இடம் பார்த்து வைத்தேன், ஊருக்குள் திரியும் மான்கள் முந்தாவிட்டால் தினமும் ஒரு கட்டுக் கிடைக்கும்.

இவ்வளவு செய்தவள், விற்பவரிடம் ஏமாந்தேன்.

கொழும்புப் பக்கம் ஒரு ஆள். வாட்ஸ்அப்பில் நன்றாகக் கதைத்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. முயல் 22,000 ரூபா. கூடும் சாப்பாடும் சேர்ந்த "பக்கேஜ்" இன்னொரு 14,500. பக்கேஜ் எடுக்காவிட்டால் குட்டி தரமாட்டாராம். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. வங்கியில் போட்டேன், இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

விடியக்காலை ஐந்து மணிக்கு பஸ் நிலையத்தில் பெட்டியை வாங்கினேன். அப்பிள் பெட்டி, இரண்டு ஓட்டை, அடிப்பக்கம் முழுக்க ஈரம். உள்ளே என் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி, வெண்ணெய் நிறமும் இல்லை, வறுத்த கச்சான் கடலைத் தோலின் நிறம். காது இரண்டும் கரண்டிபோல நிமிர்ந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்து, "இதையா அக்கா தலையணைபோலப் பிடிச்சுக்கொண்டு போகச் சொன்னவங்கள்?" என்றார்.

உடனே அழைத்தேன். பதில் ஆயத்தமாக இருந்தது. "அக்கா, லொப் குட்டிக்குப் பிறக்கேக்க காது நிமிர்ந்துதான் இருக்கும். இன்னும் ரெண்டு கிழமையில தானா விழுந்திடும். பயப்பிடாதீங்க."

இதில் முதல் பாதி உண்மை. லொப் குட்டிகளுக்கும் முதலில் காது நிமிர்ந்துதான் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் விழத் தொடங்கும், சிலதுக்கு மூன்று மாதம்கூட எடுக்கும். நானும் இதைப் படித்திருந்தேன், அதனால்தான் நம்பினேன். ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்திருப்பேன்.

மூன்றாம் நாள் வயிற்றால் போகத் தொடங்கியது. சாப்பிடவில்லை, மூலையில் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்று தெரிந்திருந்ததால் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினேன். அவர் குட்டியைத் திருப்பிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். "எட்டுக் கிழமையா? நாலு, கூடிப்போனால் ஐந்து" என்றார். எட்டுக் கிழமை ஆகும்வரை தாயோடு விடவேண்டும், முன்னதாகப் பிரித்தால் குடல் தாங்காது. போதாததுக்கு பக்கேஜில் வந்த சாப்பாட்டைப் பையோடு கொண்டு போயிருந்தேன். சோளம், சூரியகாந்தி விதை, உலர்ந்த வாழைப்பழத் துண்டு, பச்சையும் சிவப்புமாய் ஏதோ உருண்டைகள். கொண்டுபோய் வீசச் சொன்னார். புல்லும் தண்ணீரும் மட்டும். தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றி அனுப்பினார். இரண்டு இரவு நானும் மகளும் மாறி மாறி முழித்திருந்து ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் கொடுத்தோம். பிழைத்தது. பெண் குட்டி என்று வந்தது ஆண் என்பதும் அங்கேதான் தெரிந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கூடு? அடித்தட்டு வெறும் கம்பி வலை. மெத்தையில்லாத பாதத்தை அதில் வைத்து வளர்த்தால் புண் வரும். இப்போது மாமி அதைக் கவிழ்த்து வைத்துக் கீழே கருவாடு காயவைக்கிறார். காகம் கிட்ட வருவதில்லை. 14,500 ரூபாவில் உருப்படியான ஒரே பயன் அதுதான்.

பிறகு காதுக்காகக் காத்திருந்தோம். ஆடியில் ஒரு மத்தியானம், நல்ல வெக்கை, இடது காது மெல்லச் சரிந்தது. மகள் கத்தின கத்தலுக்குப் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "பாத்தீங்களா அக்கா, தொடங்கிட்டு" என்று பதில் வந்தது. அடுத்த நாள் காலை அந்தக் காது பழையபடி கம்பம்போல நின்றது.

ஐந்து மாதமானதும் சந்தைப் பையில் வைத்து, தெருமுனைக் கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்கார அண்ணை சிரித்துக்கொண்டே எண்ணை வாசித்தார்: 2 கிலோ 650 கிராம். ஹொலண்ட் லொப் என்பது நெதர்லாந்தில் உருவாக்கிய குள்ள இனம். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் அளவுப்படி நன்றாக வளர்ந்ததே 4 இறாத்தலுக்கு, அதாவது 1.8 கிலோவுக்கு, மேல் போகக்கூடாது. தராசுப் படத்தை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதன்பிறகு என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். பாலையூற்றில் ஒரு வீட்டில் இதே மாதிரிக் குட்டி சோடி 3,000 ரூபாவுக்குக் கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் நேரில் போய் வாங்குங்கள். தாய், தகப்பன் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். லொப்போடு சாதாரண முயலைச் சேர்த்தாலும் விற்பவர் அதை லொப் என்றுதான் சொல்வார், அந்தக் குட்டியின் காது பெரும்பாலும் விழாது, அல்லது ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே நிற்கும். மூன்று மாதக் குட்டியாகவே கேளுங்கள். அந்த வயதில் காது தொங்கினால் தொங்கினதுதான், கதை சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். அந்த ஈரப் பெட்டியை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் என் மேல்தான் வருகிறது.

முயலுக்குக் கச்சான் என்று பேர் வைத்திருக்கிறோம், நிறத்துக்கும் பொருந்தும், வீட்டுக்குள் ஓடுகிற வேகத்துக்கும் பொருந்தும். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. போன கிழமை அதே நீலத் துவாய்ப் படம் வேறொரு பெயரில் மறுபடி வந்தது. நடந்ததைக் கீழே எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். விலை இப்போது 26,000.