‘அதனால்’ முதலிலா, ‘எழுந்து’ முதலிலா? வாக்கியம் இணைக்கக் கற்பிக்கும் இரு வழிகள்

“மீனா எழுந்தாள். மீனா பல் துலக்கினாள்.” இவற்றை ஒரே வாக்கியமாக்கச் சொன்னால் பிள்ளைகளிடமிருந்து இரண்டு விதமான விடை வரும். “மீனா எழுந்தாள், பிறகு பல் துலக்கினாள்” என்பது இணைப்புச் சொல் வழி. “மீனா எழுந்து பல் துலக்கினாள்” என்பது வினையெச்ச வழி; ‘எழுந்து’ போல முடிவுறாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்கும் சொல்லே வினையெச்சம். பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுகின்றன. தமிழுக்கு அது போதாது.

இணைப்புச் சொல்லில் ஒரு வசதி உண்டு. இரண்டு வாக்கியமும் உடையாமல் அப்படியே நிற்கும். வினைமுற்றைத் தொட வேண்டியதில்லை. ‘ஆனால்’, ‘அதனால்’, ‘அல்லது’ ஆகிய சொற்களை அட்டையில் எழுதி நடுவில் வைத்தாலே உறவு கண்ணுக்குத் தெரியும். “ரவிக்குப் பசித்தது” என்பதை அடுத்து “சாப்பிட்டான்” வந்தால் எந்த அட்டை, “சாப்பிடவில்லை” வந்தால் எந்த அட்டை என்று கேளுங்கள். எழுதத் தடுமாறும் பிள்ளையும் சரியான அட்டையை எடுத்துவிடும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, ‘மற்றும்’. ஆங்கிலப் பாடத்தில் ஒரே சொல் பெயரையும் வினையையும் முழு வாக்கியத்தையும் இணைப்பதைப் பார்த்த பிள்ளை, தமிழிலும் அப்படி ஒன்றைத் தேடி “மீனா எழுந்தாள் மற்றும் பல் துலக்கினாள்” என்று எழுதுகிறது. இதைத் திருத்தாமல் விடவே கூடாது. ஊறிவிட்டால் மேல் வகுப்புக் கட்டுரை வரை தொடரும். மற்றொன்று, ‘ஏனென்றால்’. இதில் விளைவு முன்னே, காரணம் பின்னே. ‘அதனால்’ இதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே நாளில் கற்பித்தால் “காய்ச்சல் வந்தது, ஏனென்றால் அவன் வரவில்லை” என்று தலைகீழாகும். நடந்த வரிசையிலேயே ஓடும் ‘அதனால்’ நன்கு பதிந்த பிறகு ‘ஏனென்றால்’ வரட்டும்.

வினையெச்சத்தைப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே பேசுகிறது. “போய் எடுத்துட்டு வந்து தரேன்” என்று சொல்லும் வாய்க்கு இலக்கணப் பெயர் தேவையில்லை. எழுத்தில் அதைக் காட்டினால் போதும். காகிதப் பட்டையில் ‘எழுந்தாள்’ என்று எழுதி, ‘தாள்’ என்ற பகுதியைப் பின்னால் மடித்து, ‘து’ எழுதிய துண்டை ஒட்டுங்கள். படித்து, வந்து, எடுத்து எல்லாம் இப்படியே கிடைக்கும். இந்த வகையில் எட்டுப் பத்து வினைகள் பழகிய பின் ஓடினாள்–ஓடி, பாடினாள்–பாடி. போனாள்–போய், சொன்னாள்–சொல்லி இரண்டும் கடைசியில். மடிப்பு விதிக்கு அவை அடங்கா. முதல் நாளே கலந்து கொடுத்தால் ‘போனு’, ‘ஓடினு’ என்று எழுதுவார்கள். தவறு பிள்ளையுடையதில்லை, வரிசையுடையது.

இந்த வழியின் பெரிய பள்ளம் எழுவாய். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால்தான் ‘எழுந்து’, ‘ஓடி’ போன்ற வடிவம் பொருந்தும். “மணி அடித்து பிள்ளைகள் ஓடினார்கள்” என்றால் மணியை அடித்தவர்களே ஓடியதாகிவிடும். ‘அடித்ததும்’ என்று வர வேண்டும். “ரவிக்குப் பசித்தது” என்பதிலும் ரவி எழுவாய் அல்ல, ஆகவே ‘பசித்ததால் சாப்பிட்டான்’. இரண்டு வினைகளையும் அடிக்கோடிட்டு “யார்? யார்?” என்று இருமுறை கேட்க வையுங்கள், இரண்டு விடையும் ஒன்றானால் ‘-து’, வேறானால் ‘-ததும்’ அல்லது ‘-ததால்’. “மழை பெய்து குளம் நிறைந்தது” என்பது வழக்கில் உள்ளதே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், முன்னது பின்னதற்குக் காரணமாகும் இடத்தில் மொழி அதை ஏற்கிறது. ஆனால் தொடக்கப் பயிற்சியில் அந்த எடுத்துக்காட்டைத் தவிர்ப்பது நல்லது.

ஒற்றுக்காக இப்போதே சிவப்பு மை வேண்டாம். ‘படித்துப் பார்த்தான்’, ‘ஓடிப் போனான்’ என்பவற்றில் மிகும், ‘வந்து பார்த்தான்’, ‘செய்து பார்த்தான்’ என்பவற்றில் மிகாது என்பது தனிப் பாடம்.

பெயர்களை இணைக்க ‘உம்’ இருக்கிறது. அது இரு பக்கமும் வர வேண்டும், வேற்றுமை உருபுக்குப் பின்னால் வர வேண்டும்: புத்தகத்தையும் பேனாவையும். “கண்ணனும் வள்ளியும்” என்றதும் வினை ‘பாடினார்கள்’ என்று பன்மையாகும். பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.

ஆக, அடுத்தடுத்த செயல்களுக்கு வினையெச்சத்தை முதலில் வைப்பேன். முரணுக்கும் காரணத்துக்கும் இணைப்புச் சொல்லை முதலில் வைப்பேன். முரணில் எச்ச வடிவம் கடினம்: “மழை பெய்தாலும் வந்தாள்” என்பதில் ‘பெய்தாலும்’ இனி நடக்கக்கூடியதற்கும் பொருந்தும், நடந்து முடிந்ததை ஐயமின்றிச் சொல்வது ‘பெய்தும்’. ‘ஆனால்’ கைவந்த பிள்ளைக்கு மட்டுமே இந்த வேறுபாடு புரியும்.

பயிற்சிக்குக் கோடிட்ட இடம் நிரப்புவதைவிட, ஒரே சோடியை இரு வழியிலும் எழுத வைப்பது மேல். நாளுக்கு நான்கு சோடி போதும். “அவன் சாப்பிடவில்லை. அவன் தூங்கினான்” என்று கொடுத்துப் பாருங்கள். ‘ஆனால்’ போட்டு முழிக்கும் பிள்ளை, சத்தமாகப் படிக்கச் சொன்னதும் ‘சாப்பிடாமல் தூங்கினான்’ என்று தானே சொல்லும்.