தோண்டப் போற புள்ளைங்க கரண்டி வாங்கணும்னா கொழிஞ்சாம்பாறை பட்டறைக்குப் போங்க

ஆர்க்கியாலஜி எம்.ஏ. சேர்ற புள்ளைங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறது, அக்கா ஃபீல்டுக்குப் போறதுக்கு எந்தக் கரண்டி (மண்ணைச் சுரண்டற ட்ரவல், கொத்தனார் கரண்டி மாதிரி சின்னது) வாங்கறதுன்னுதான், அதனால ஒரே எடத்துல விவரமா எழுதிடறேன். கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் போற ரோட்டுல ஒரு கொல்லுப்பட்டறை இருக்குங்க. போர்டு கிடையாது. பாலக்காடு ஜில்லான்னாலும் இந்தப் பக்கம் பூரா தமிழ்ப்பேச்சுதான், பட்டறையில பெரியவரும் அவரு மகனும் வேலை செய்யறாங்க, வர்றவங்கள்ல முக்கால்வாசி பேரு தென்னந்தோப்புக்காரங்க, அருவா, கடப்பாரை, மண்வெட்டி சாணை பிடிக்க வர்றவங்க. அங்கதான் அகழாய்வுக்கு ஏத்த நாலு இஞ்ச் கரண்டி அடிச்சுத் தர்றாங்க.

கரண்டிக்கு எதுக்கு இவ்வளவு பேச்சுன்னு வெளியாளுங்க நினைப்பாங்க. ஆதிகால நகரத்தைப் படிக்கிறவங்களுக்கு தங்கம், சிலை எல்லாம் ரெண்டாம் பட்சம், சுவர் எங்க ஓடுது, தரை எத்தனை தடவை பூசியிருக்காங்க, சாக்கடை எந்தத் தெருவுல சேருது, இதுதான் வேணும். சுடாத மண்கல்லுல கட்டின சுவர் இடிஞ்சு விழுந்தா சுவரும் மண்ணு, அதைச் சுத்திக் கெடக்கறதும் அதே மண்ணு. கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது. கரண்டியோட வாயைச் சாய்ச்சுப் பிடிச்சு நம்ம பக்கமா மெதுவா சுரண்டிக்கிட்டே வந்தா, ஒரு எடத்துல சத்தம் மாறும், சொரசொரன்னு போனது வழவழன்னு போகும், லேசா நிறமும் மாறும், அந்த ஒரு கோட்டுலதான் சுவர் ஆரம்பிக்குது. வாய் மழுங்கியிருந்தா மண்ணு வெட்டுப்படாது, இழுபட்டுப் பூசிக்கிட்டுப் போயிடும், கோடு மறைஞ்சிடும். மறைஞ்சா மறைஞ்சதுதான், தோண்டின எடத்தை மறுபடி தோண்ட முடியாது.

1944ல இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா இங்க வந்த வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் வீலர், தட்சசீலத்துல (இப்ப பாகிஸ்தான்ல இருக்கு) பசங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தாரு, 1945ல புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுல தோண்டுனாரு. அவரு விடாம சொன்ன விஷயம், இத்தனை அடி ஆழம்னு அளந்து தோண்டாதீங்க, மண் அடுக்கு எப்படிப் போகுதோ அதைப் பின்பற்றித் தோண்டுங்கங்கறது. அந்த அடுக்கை குழியோட வெட்டுச் சுவர்ல, அதாவது செக்‌ஷன்ல படிக்கணும்னா செக்‌ஷனை மேல இருந்து கீழ வரைக்கும் கத்தி வெச்ச மாதிரி சீவி வெச்சிருக்கணும், அதுக்கும் இந்தக் கரண்டிதான்.

சாதாரண ஹார்டுவேர் கடையில கிடைக்கிறது பூச்சு வேலைக்கான கொத்தனார் கரண்டி. அலகு பெருசு, தகடு மெலிசு, கழுத்தைத் தனியா வெல்டிங் வெச்சிருப்பாங்க. சாந்து அள்ளறதுக்கு அது போதும், காஞ்ச மண்ணுல அழுத்தி இழுத்தா கழுத்துல விட்டுடும். நான் ஒரு கடையில வாங்கினது ட்ரெஞ்ச்சுல (தோண்டற குழியில) நாலு பேர் பாக்க ரெண்டா உடைஞ்சுது, மாத்திக் கேட்டா அந்தக் கடைக்காரர் முகத்தைக் கூடப் பாக்கலை. வெளிநாட்டுல தோண்டறவங்க வெச்சிருக்கற டபிள்யூ.எச்.எஸ்., மார்ஷல்டவுன் கம்பெனி கரண்டி எல்லாம் ஒரே இரும்பா அடிச்சது, நல்ல சாமான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஸ்டைபண்ட்ல ஓட்டற புள்ளைங்களுக்கு கூரியர் செலவோட அது கட்டுப்படியாகாது.

பெரியவர் அடிக்கிறதும் ஒரே இரும்புதான். லாரியோட பழைய ஸ்பிரிங் பிளேட்டை வெட்டி, உலையில செவக்க வெச்சு, அலகும் கழுத்தும் பிடிக்குள்ள போற வாலும் ஒண்ணா இழுத்து அடிக்கிறாரு. பதம் வைக்கிறதுதான் பாக்க வேண்டிய விஷயம். முழுசாத் தண்ணியில முக்கறதில்லை, வாய்ப்பகுதியை மட்டும் முக்கி எடுத்து, ஒரு பக்கம் கல்லுல தேய்ச்சுப் பளபளப்பாக்கி அதுல நிறம் ஏறறதைப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு, வெளிர் மஞ்சள் தாண்டி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் மறுபடி தண்ணி. “வாய் கெட்டியா இருக்கோணும் அம்மிணி, கழுத்து கொஞ்சம் கொடுக்கோணும், ரெண்டும் ஒரே கெட்டியா இருந்தா முறிஞ்சு போகும்”னு சொன்னாரு. பிடி புளியமரம், பூண் பித்தளை. என் கைக்கு அளவெடுத்துத்தான் பிடி கடைஞ்சாரு, ரெடிமேடுல எனக்கு எப்பவும் பிடி தடிமனா இருக்கும், சாயங்காலம் விரல் மடக்க முடியாது. 350 ரூபா வாங்கினாரு.

ஒரு கரண்டி வாங்கிட்டு ஓடி வந்துடாதீங்க, அவரு விட்டா கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. இதை மனசார சொல்றேன். சிந்துவெளி நகரமான ஹரப்பாவுல 1986ல இருந்து வேலை செஞ்ச தொல்லியல் ஆராய்ச்சியாளர் கென்னோயர், குஜராத்துல கம்பாத்துக்குப் போய் அங்க சூதுபவள (செவப்புக் கல்) மணி செய்யற ஆளுங்க கிட்ட உக்காந்து, கல்லை எப்படிச் சூடு பண்றாங்க, எப்படித் தட்டறாங்க, துளை போடறாங்கன்னு ஒண்ணொண்ணாப் பதிவு பண்ணாரு. ஒரு நகரத்துல தொழில் எப்படி நடந்துச்சுன்னு புரிஞ்சுக்க குப்பையில கிடக்கற கல்துண்டு மட்டும் பத்தாது, அந்தத் தொழிலைச் செய்யற கை வேணும். நம்மளுக்கு அந்த வாய்ப்பு வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. நொய்யல் கரையில கொடுமணல்ங்கற பழைய ஊருல இரும்பு உருக்கின உலை, எஃகு செஞ்ச தடயம், கல்மணி செஞ்ச கழிவு எல்லாம் கிடைச்சிருக்கு. அங்க இருந்து சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாத்தான் மேலைக்கடற்கரைக்கு, சேரர்களோட பழைய துறைமுகமான முசிறிக்குப் போயிருக்கணும்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. நம்ம பஸ்ஸு போற வழிதாங்க அது! பட்டறையில சிதறிக் கிடக்கற கசடையும் (உலையில உருகி உறைஞ்ச கழிவு) செதிலையும் (சூட்டு இரும்பை அடிக்கறப்ப உதிர்ற மெலிசான இரும்புத் தோல்) ஒரு தடவை கையில எடுத்துப் பாத்தவங்களுக்கு ட்ரெஞ்ச்சுல வர்ற கசடை அடையாளம் தெரியும். அடிக்கற எடத்துல விழற செதில் காந்தத்துல ஒட்டும்னு நான் கிளாஸ்ல படிச்சிருந்தேன், ஆனா அது பட்டடைக்கல்லைச் சுத்தி எவ்வளவு தூரம் சிதறுதுன்னு அங்க தரையில பாத்தப்பத்தான் விளங்குச்சு.

களைக்கொத்து மாதிரி சின்ன கைக்கொத்தும் அடிச்சுத் தர்றாங்க, தூக்குக்குண்டு வாங்க வேண்டாம், எடை சரியில்லை. மரம், எலும்பு வர்ற எடத்துக்கு இரும்பே எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. 2007ல கேரளாவுல வடக்கன் பறவூர் பக்கம் பட்டணம்ங்கற ஊருல தோண்டினப்ப ஈரச்சேத்துல ஆறு மீட்டர் நீளத் தோணி வந்துச்சே, அந்த மாதிரி ஊறின மரத்துல இரும்பு பட்டா கீறல் விழுந்துடும், அதுக்கு மூங்கில் குச்சியும் பிரஷ்ஷும்தான்.

குறையும் சொல்லணும்ல. ஜி.எஸ்.டி. பில் கிடையாது, துண்டுச் சீட்டுல எழுதித் தர்றாங்க, ப்ராஜெக்ட் காசுல வாங்கறவங்களுக்கு அது ஆபீஸ்ல பாஸ் ஆகாது. ஃபோன்ல ஆர்டர் எடுக்க மாட்டாங்க. சொன்ன நாளுக்கு வேலை முடியறதும் இல்லை, தோப்பு வேலை சீசன்ல அருவாதான் முதல்ல, நம்ம கரண்டி கடைசி. ஸ்பிரிங் இரும்பு துரு பிடிக்கும், நம்ம ஊரு ஈரக்காத்துக்கு ஒரு ராத்திரி போதும், தினம் தொடைச்சு தேங்காய் எண்ணெய் தடவணும்.

இந்தத் தொழில்ல சீசனுக்கு ஒரு ஊரு, கான்ட்ராக்ட் முடிஞ்சா அடுத்த சைட்டு எதுன்னு தெரியாம நிக்கணும், டெண்ட்டு, ட்ரோன், எடம் அளக்கற டோட்டல் ஸ்டேஷன் கருவி எதுவும் நம்மளுது இல்லை. கரண்டி ஒண்ணுதான் நம்ம சொந்தம், அதனால அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பொங்கலுக்கு அப்புறம் சீசன் ஆரம்பிக்கிற புள்ளைங்க கார்த்திகையிலயே போய்ச் சொல்லி வெச்சுடுங்க, காலைல பத்து மணிக்குள்ள போனா உலை எரியும், கூடவே உங்க வலது கையா இடது கையான்னும் சொல்லிடுங்க, சாணை பிடிக்கிற பக்கம் அதுக்கேத்த மாதிரி மாறும்.