கிளிநொச்சி ரவுணில ஒரு விசா கடை: ரைப்பிங் நல்லம், யோசனை கேக்காதேங்கோ

கடையின்ர பேர் போடேல்ல, பொடியன் உழைச்சுச் சாப்பிடுறான். ஏ9 றோட்டில போட்டோக்கொப்பி, லமினேற்றிங், கூடவே "சகல நாட்டு விசா" எண்டு போட் தொங்கிற கடையள்ள ஒண்டு எண்டு வையுங்கோ.

தங்கச்சி கனடாவில, ஸ்காபரோவில, சிற்றிசன். ரெண்டாவது பிள்ளை கிடைக்கப் போகுது, அம்மாவ அனுப்பிவிடு அண்ணை எண்டு ஒரே போன். எனக்கு உந்த போம் விசயம் ஒண்டும் தெரியாது, அம்மாவையும் மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு கடைக்குப் போனன். பொடியன் மரியாதையான ஆள், அம்மாவுக்கு கதிரை எடுத்துப் போட்டு தேத்தண்ணியும் எடுப்பிச்சவன். "விசிற்றர் விசா போடுவம் அண்ணை, பத்து வருசம் குத்துவான், பயப்பிடாதேங்கோ" எண்டான். 18,000 ரூபா கடைக்கூலி. கனடாவுக்குக் கட்டுற 100 டொலரும் கைரேகைக்கு 85 டொலரும் வேற.

இந்தப் பத்து வருசக் கதையிலதான் நான் ஏமாந்தது. பாஸ்போட்டில குத்தின விசாவில பத்து வருசம் எண்டு இருந்தா அது அந்தத் திகதி வரைக்கும் போய் வரலாம் எண்ட கணக்கு. ஒருக்காப் போனா நிக்கிறது சாதாரணமா 6 மாசம்தான், அதையும் அங்க எயாப்போட்டில நிக்கிற ஒபிசர்தான் முடிவெடுக்கிறது. பிள்ளைப்பெத்துக்குப் போற மனிசிக்கு 6 மாசம் என்னத்துக்குக் காணும்?

சரி, கொழும்பு போய் கைரேகை குடுத்து, ஒண்டரை மாசத்தில பதில் வந்தது. ரிஜெக்ற். திரும்பி வருவா எண்டு நம்பிக்கை இல்லையாம், குடும்ப உறவுகளைப் பாத்தாலாம். அதுக்குப் பிறகுதான் பொடியன் அனுப்பின கடிதத்தை நான் வடிவா வாசிச்சன் (முதலே வாசிச்சிருக்கோணும், அது என்ர பிழை). அம்மா நயாகராவும் சிஎன் ரவரும் பாக்கப் போறாவாம்! 68 வயசு, முழங்கால் வருத்தம், கோயிலுக்கே ஓட்டோவில போறவ. ஆருக்கோ எழுதின கடிதத்தில பேரை மட்டும் மாத்தியிருக்கு. இரணைமடுவுக்குக் கீழ இருக்கிற ரெண்டு ஏக்கர் வயல், மாடுகள், இஞ்ச இருக்கிற நான், என்ர ரெண்டு பிள்ளையள், ஒண்டும் அதில இல்லை. கேட்டா, "அது பெர்மிட் காணி அண்ணை, உறுதி இல்லை, காட்டிப் பிரயோசனம் இல்லை" எண்டான். வன்னியில கனபேரிட்ட இருக்கிறது அரசாங்கம் குடுத்த பெர்மிட்தானே தம்பி? விக்க ஏலாட்டியும் விதைக்கிறம், அறுக்கிறம், பிரதேச செயலகத்தில பதிவு கிடக்கு. திரும்பி வாறதுக்கு இதைவிட வேற என்ன காரணம் வேணும்.

இதைக்கூட விட்டிருப்பன். ரெண்டாந்தரம் போடுவம் எண்டு போம திறந்தவன், முன்னம் விசா மறுத்தவங்களோ எண்ட கேள்விக்கு "இல்லை எண்டு போடுவம், ஆர் பாக்கப் போறாங்கள்" எண்டான் பாருங்கோ. மறுத்தவங்களே அவங்கள்தான், அவங்களிட்ட இல்லாத பதிவோ! பொய் சொன்னது பிடிபட்டா 5 வருசத்துக்கு கனடாப் பக்கமே போகேலாது, தடை கடைக்காரனுக்கு இல்லை, அம்மாவுக்கு. அந்த இடத்தில போம மூடச்சொல்லிப்போட்டு வந்திட்டன்.

பேந்து தங்கச்சி தானே இருந்து தேடினதில சுப்பர் விசா எண்டு ஒண்டு வந்தது. சிற்றிசன் இல்லாட்டி பிஆர் (நிரந்தரமா இருக்கிற உரிமை) இருக்கிறவையின்ர அம்மா அப்பா, அம்மம்மா அப்பப்பா மாருக்கு. ஒருக்காப் போனா 5 வருசம் வரைக்கும் நிக்கலாம், 2022 ஆடியில இருந்து அப்பிடி மாத்தினவங்கள். ஆனா சும்மா இல்லை. குறைஞ்சது 100,000 டொலருக்கு ஒரு வருச மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கோணும், விலை கேட்ட கடுதாசி காணாது, காசு கட்டியிருக்கோணும். கனடாக்காரர் ஏற்கிற டொக்டரிட்ட மெடிக்கல் செய்யோணும். கூப்பிடுற பிள்ளையின்ர வருமானம் அவங்கள் போட்ட அளவுக்கு மேல இருக்கோணும், அந்த அளவு குடும்பத்தில எத்தினை தலை எண்டதைப் பொறுத்தது, அதில அம்மாவும் சேரும். தங்கச்சியின்ர சம்பளம் மட்டும் காணாதபடியா மச்சான்ர சம்பளத்தையும் சேத்துத்தான் காட்டினது.

இது பிஆர் இல்லை, அதையும் அந்தக் கடையில குழப்பித்தான் சொன்னவன். அம்மா அப்பாவ நிரந்தரமா எடுக்கிறது ஸ்பொன்சர் வழி, அது குலுக்கல் மாதிரி, 2020 இல பேர் குடுத்து வைச்சவையில இருந்துதான் பிறகு பிறகும் கூப்பிட்டவங்கள். எங்கட தங்கச்சி அப்ப பேர் குடுக்கேல்ல, அது முடிஞ்ச கதை.

ரெண்டாந்தரம் தங்கச்சி அங்கயிருந்து தானே போட்டாள், மறுத்ததையும் உள்ளபடி எழுதி, வயல் பெர்மிட்டையும் மொழிபெயர்த்து வைச்சு. கைரேகை 10 வருசம் செல்லும் எண்டபடியா அந்த 85 டொலர் திரும்பக் கட்டேல்ல. விசா கிடைச்சது. அம்மா இப்ப அங்க, குளிருது எண்டு நாளுக்கு நாலு கோல்.

கடைக்கு 5க்கு 2. ஸ்கான் வடிவா எடுப்பான், பக்கம் கோணாது, பைலைச் சின்னதாக்கித் தருவான், விசாப் போட்டோ அளவும் சரியா வரும். ரெண்டாந்தரத்துக்கும் ஸ்கான் அவனிட்டத்தான் எடுத்தனான், ஏன் திரும்பி வந்தனீங்கள் எண்டு கேக்கவும் இல்லை. காலமை வெள்ளன போங்கோ, பின்னேரம் ரியூசன் பிள்ளையள் வந்து கியூ வாசல் மட்டும் நிக்கும்.