இருபத்திரண்டு நாள் லீவும் ஒரு பூட்டிய ஷட்டரும்

திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை தாண்டி நாகர்கோவில் பார்வதிபுரம் வந்து சேர்ந்தபோது காலை ஆறரை. மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெட்டிகளோடு லிப்ட் முன்னால் போய் நின்றேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'லிப்ட் வேலை செய்யாது'. தாளின் ஓரம் மஞ்சளித்துச் சுருண்டிருந்தது. நேற்று ஒட்டிய தாள் இல்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடி. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதே மனசு கணக்குப் போட்டது. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

அன்று எட்டு மணிக்குக் கீழே மீன்காரி அக்காவின் குரல் கேட்டது. அம்மா பால்கனிக்குப் போய், பச்சை நைலான் கயிறு கட்டிய வாளியை மெல்ல இறக்கினாள். உள்ளே ஐம்பது ரூபாய். அக்கா காசை எடுத்துக்கொண்டு சாளையைப் போட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். வாளி மேலே வந்தது. இருவரும் நெடுநாள் பழகிய கை. பாலும் அப்படித்தான் வருகிறதாம். அம்மா கீழே இறங்கி இரண்டு மாதம். வாரம் மூன்று முறை வீடியோ காலில் பேசுகிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் லீவு 22 நாள். அதில் பாதி இந்தக் கட்டிடத்துக்கே போனது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் பிளாட் வாங்கியவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மொத்தம் 16 வீடு. சாவி வாங்கி நான்கு வருடம் முடிந்துவிட்டது. விளம்பர நோட்டீஸில் லிப்ட், ஜெனரேட்டர், எல்லோருக்கும் கார் நிறுத்த இடம், மாடியில் துணி காயப்போட இடம், ஒரு சின்ன ஹால் என்று படம் போட்டிருந்தார்கள். இப்போது கீழே தூண்களுக்கு நடுவே ஆறு கார் நிற்கும் இடத்தை மறைத்து ஷட்டர் போட்டிருக்கிறது. உள்ளே ஒரு பர்னிச்சர் கடையின் சோபாவும் மெத்தையும். வாடகை பில்டருக்கு. எங்கள் பைக்குகள் வெளியே நனைகின்றன. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் வேறு.

பில்டர் அந்நியர் இல்லை. அப்பா இறந்தபோது பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரை கூட நின்றவர். அதனால்தான் அம்மா, "எதுக்கு மக்கா வம்பு? நமக்க ஆளுல்லா அவன்" என்றாள். நானும் நம்ம ஆள்தானே என்று நேரில் போய்க் கேட்டேன். டீ வரவழைத்தார். "தம்பி, உங்க பத்திரத்த எடுத்துப் பாருங்க. பார்க்கிங்னு ஒரு வரி இருக்கா?" என்றார். இல்லை. பிளாட்டும், நிலத்தில் பிரிபடாத பாகமும்தான் எழுதியிருக்கிறது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மறுநாள், அனுமதி வாங்கிய வரைபடத்தின் நகல் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு நாள் அலைந்தும் 'நாளைக்கு வாங்க'தான். சரி என்று மொபைலில் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தைத் திறந்தேன். எங்கள் கட்டிடத்தின் பதிவு எண்ணைப் போட்டதும் வரைபடம் வந்து நின்றது. அலைந்த இரண்டு நாள் பெட்ரோல் வீண். எட்டு வீட்டுக்கு மேல் கட்டும் புதுக் கட்டிடத்தை அந்த ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. வாங்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அந்த இடம் முழுக்கக் 'கார் நிறுத்துமிடம்'. குடோன் என்று எங்கும் இல்லை.

அந்தப் படத்தோடு வடசேரிப் பக்கம் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். ஆயிரம் ரூபாய் வாங்கினார், முக்கால் மணி நேரம் பேசினார். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த காசில் உருப்படியானது அதுதான். "பத்திரத்த மட்டும் பாக்காதீங்க சார், சட்டத்தையும் பாருங்க" என்று ஆரம்பித்தார். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் ரெரா என்கிறார்களே அது, பொதுப் பகுதி எவை என்று தானே சொல்லிவிடுகிறது: மாடிப்படி, லிப்ட், மொட்டை மாடி, விளையாடும் இடம், திறந்த பார்க்கிங் எல்லாம் அதில் அடக்கம். அனுமதி வாங்கிய வரைபடத்தையோ பொதுப் பகுதியையோ மாற்ற வேண்டுமென்றால், பில்டரைத் தவிர்த்து வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 14-ஆம் பிரிவு.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். நான்கு வீடு பில்டரின் மச்சான் குடும்பத்துப் பேரில் இருக்கிறது. அந்த நாலு ஓட்டையும் வைத்து ஒப்புதல் வாங்கிவிட்டால்? வழக்கறிஞர் சிரித்தார். ஒருவர் தன் பேரிலும் தன் குடும்பத்தார் பேரிலும் எத்தனை வீடு வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஒரே ஆள்தான் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறதாம். சட்டம் எழுதியவர்களுக்கும் மச்சான்கள் இருந்திருப்பார்கள் போல.

2010-இல் உச்ச நீதிமன்றம் தூண் தளப் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது என்று சொன்ன தீர்ப்பை நான் எங்கோ படித்திருந்தேன். அதையும் கேட்டேன். "அது மகாராஷ்டிரச் சட்டத்தை வச்சு வந்தது. அத மட்டும் நம்பிப் போகாண்டாம். உங்க வரைபடம் போதும்" என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

ஆனால் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு முடிச்சு இருந்தது. மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். மாடிச் சாவி பில்டரின் ஆளிடம் இருந்தது, அதை வாங்கவே ஒரு மணி நேரம். பதினோரு பேர் வந்தார்கள். நான்கு பேர் கார் பார்க்கிங்குக்கென்று தனியாக ஒன்றரை லட்சம் கொடுத்து, வெறும் வெள்ளைத்தாளில் ரசீது வாங்கியிருந்தார்கள். பொது இடம் என்று சொன்னால் தங்கள் காசு போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. "நீங்க லீவு முடிஞ்சு போயிருவீங்க, நாங்கல்லா இங்க கெடக்கணும்" என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் மாடி ஓய்வுபெற்ற வாத்தியார்தான் பேசினார். இப்போது நிற்கிற கார்களைத் தொட வேண்டாம், ஷட்டரை மட்டும் கேட்போம் என்றார். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்று காலியாவதற்குள் பதினோரு கையெழுத்தும் விழுந்தது.

அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. எங்களுக்குச் சங்கமே இல்லை. பாதிக்கு மேல் வீடு விற்ற மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழி செய்திருக்க வேண்டும், பொதுப் பகுதியைச் சங்கத்தின் பேருக்குப் பத்திரம் பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாதம் 1,500 ரூபாய் மட்டும் அவர் ஆளிடம் ஒழுங்காகக் கொடுத்துவந்தோம். கணக்குக் கேட்டால் பொது கரண்ட் பில்லைக் காட்டுவார். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டிடங்களுக்குப் பொது இணைப்பு மின் கட்டணத்தை 2023-இல் குறைத்தார்களே, அந்தச் சலுகை எங்களுக்குக் கிடையாது. எங்களுக்கு 16 வீடு, ஓடாத லிப்ட் வேறு.

இப்போது சங்கத்தைப் பதிவு செய்ய மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். வாத்தியார் தலைவர்.

லிப்ட் விஷயத்தில் வழக்கறிஞர் எங்கள் பக்கமும் குறை சொன்னார். சாவி கொடுத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ, வேலைத் தரத்திலோ, வசதிகளிலோ குறை இருந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால் லிப்ட் நின்றதென்றால் அதை அவர் தலையில் கட்ட முடியாது. மெக்கானிக் வந்து பார்த்தார். கன்ட்ரோல் போர்டு தொடக்கத்திலிருந்தே தரமில்லாதது, ஒப்பந்தமும் இரண்டு வருடமாக இல்லை. ஆக, இரண்டு பக்கமும் தப்பு. அதோடு, 1997-ஆம் வருடத் தமிழ்நாடு லிப்ட் சட்டப்படி லிப்ட் ஓட்ட உரிமம் வேண்டும். அதுவும் காலாவதி.

எல்லாவற்றையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, வரைபட நகலோடு ஸ்பீட் போஸ்டில் பில்டருக்கு அனுப்பினோம். திட்டவில்லை, பிரிவு எண்களை மட்டும் போட்டோம். 30 நாளில் சரியாகாவிட்டால் சென்னையில் இருக்கும் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் புகார் என்று கடைசி வரி. நாகர்கோவிலிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று வாத்தியார் கேட்டார். அங்கேயும் போகலாம், சொன்ன வசதிகளைச் செய்து தராததற்கு நஷ்டஈடு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இரண்டு வருடக் காலக்கெடு பற்றி வாதாட வேண்டிவரும் என்பதால் முதலில் ரெரா என்று முடிவு.

கடிதம் போய் ஐந்தாம் நாள் பில்டர் வாத்தியாரைக் கூப்பிட்டார். கன்ட்ரோல் போர்டு அவர் செலவு, பராமரிப்பு ஒப்பந்தமும் உரிமமும் எங்கள் செலவு என்று முடிந்தது. நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் லிப்ட் ஓடியது. ஷட்டர் மட்டும் இன்னும் இருக்கிறது, பாதிச் சோபா போயிருக்கிறது.

எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட, ஊரில் இருக்கும்போதே தக்கலையில் இருக்கும் தங்கச்சி பேரில் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். மறந்துவிட்டு விமானம் ஏறியிருந்தால் மஸ்கட்டில் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பி, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டும். லீவில் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கிளம்பும் அன்று காலை பில்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அம்மா பேரைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். அம்மா அதை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "போகாம இருக்க முடியுமா மக்கா? லிப்டும் ஓடுதுல்லா" என்றாள்.