மணிமாலை கோக்க கியர் வயரா, முடிச்சு நூலா?

கண்ணாடி மணி, கல் மணி, முத்து என்று நிறம் பார்த்து, அளவு பார்த்துத் தேடித் தேடிச் சேர்க்கிறோம். அத்தனையையும் தாங்கப்போகிற சரட்டை மட்டும் கையில் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறோம். மாலை எத்தனை காலம் உழைக்கும் என்பது பெரும்பாலும் அந்தச் சரட்டின் கையில்தான் இருக்கிறது. கியர் வயரிலும் கோத்திருக்கிறேன், மணிக்கு மணி முடிச்சுப் போட்டு நூலிலும் கோத்திருக்கிறேன். கழுத்தில் போடுகிற மாலை என்றால் இப்போது நான் எடுப்பது நூலைத்தான். கியர் வயருக்கும் தனக்கென்று இடம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எலாஸ்டிக்கை முதலிலேயே தனியே வைத்துவிடலாம். கைக்குப் போடும் சரத்துக்கு அது வசதி. கொக்கி வேண்டாம், கோக்கும் முன் நன்றாக இழுத்துவிட்டு, கடைசியில் சர்ஜன் முடிச்சாக, அதாவது சாதாரண முடிச்சில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிப் போட்டால் போதும். ஆனால் நாளாக நாளாகத் தளரும், ஒருநாள் அறும். மாலைக்கு அது ஆகாது. தூண்டில் நரம்பும் அப்படியே. சுருளில் இருந்த வளைவு போகாது, வெளிச்சம் பட்டுப் பட்டு மொறமொறப்பாகி உடையும்.

இனி போட்டி இரண்டு பேருக்குள்தான்.

கியர் வயர் என்பது மெல்லிய ஸ்டீல் இழைகளைச் சேர்த்து முறுக்கி, மேலே நைலான் பூசியது. 7, 19, 49 இழைகளில் வரும். இழை கூடக் கூட வளைந்து கொடுக்கும். 7 இழை வயரில் கோத்த மாலை கழுத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும். 49 இழை ஓரளவு துவண்டு விழும். 0.38 மி.மீ. தடிமன் சாதாரண மணிகள் பலவற்றுக்கும் போதும். ஊசி தேவையில்லை, வயரே துளைக்குள் நுழையும். கியர் லாக் என்கிற சின்ன உலோகக் குழலுக்குள் முனையை விட்டு, கொக்கியின் வளையத்தில் நுழைத்துத் திருப்பி, மறுபடி லாக்குக்குள் விட்டு நசுக்கினால் வேலை முடிந்தது. நசுக்குவதற்கென்றே இரண்டு பள்ளம் உள்ள கிரிம்பிங் பிளையர் இருக்கிறது. உள்பள்ளத்தில் வைத்து அழுத்தினால் லாக்கின் நடுவே மடிப்பு விழும். வெளிப்பள்ளத்தில் திருப்பி வைத்து அழுத்தினால் அது உருண்டுகொள்ளும். லாக்குக்குள் இரண்டு வயரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், பிடிப்பே அதில்தான். ஒரு மாலையை உட்கார்ந்த இடத்தில் சட்டென்று முடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது பெரிய தைரியம்.

முடிச்சு நூலுக்குப் பொறுமை வேண்டும். பட்டிலும் நைலானிலும் இதற்கென்றே அட்டையில் சுற்றி வருகிறது: 2 மீட்டர் நூல், ஒரு முனையில் முறுக்குக் கம்பி ஊசி சேர்ந்தே இருக்கும். மணியை நுழைத்ததும் நூலில் தளர்வாக ஒரு வளையம் போட்டு, கோத்த மணிகளை அதற்குள் விட்டு எடுக்க வேண்டும். இப்போது முடிச்சு இன்னும் இறுகவில்லை. அந்த வளையத்துக்குள் ஒரு தடித்த ஊசியை விட்டு, முடிச்சை மெல்ல நகர்த்தி மணியை ஒட்டிக் கொண்டுவந்து, ஊசியை உருவிக்கொண்டே நூலை இழுக்க வேண்டும். கடைசியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு தள்ளு. அடுத்த மணி. இடம் தவறி இறுகிய முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாடு. முதல் நாலைந்து முடிச்சுகள் கோணலாக வரும், அப்புறம் கை பழகிவிடும்.

இவ்வளவு நேரம் எதற்காக? காரணம் ஒன்றுதான்: மாலை ஒருநாள் அறும். எந்தச் சரடானாலும் அறும். அறுவதற்கு முன்னும் அறுந்த பின்னும் என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இருக்கிறது.

கியர் வயர் பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்தில், லாக்கின் விளிம்பில் அறும். போடும்போதும் கழற்றும்போதும் அந்த ஒரே இடம்தான் திரும்பத் திரும்ப வளைகிறது. உள்ளே இழைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் மேல் பூச்சு அதை மூடி மறைத்துவிடும். மணிகளைக் கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் நெருக்கிக் கோத்திருந்தால் இன்னும் சீக்கிரம். அறுகிற அந்த நொடியில் ஒரு முனையிலிருந்து மணிகள் எல்லாம் சரசரவென்று இறங்கிவிடும். வீட்டுக்குள் என்றால் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு அடியிலும் தேடலாம். வெளியில் என்றால் கிடைத்தது கிடைத்ததுதான். பழைய மாலையிலிருந்து எடுத்த மணிகளாக இருந்தால் அந்த இழப்பை ஈடுசெய்யவே முடியாது.

நூல் முன்கூட்டியே சொல்லிவிடும். கொக்கி அருகே லேசாகப் பஞ்சுபோலப் பிரியும். மணிக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். நூல் நீண்டுவிட்டது என்று அர்த்தம். பிடரியில் படுகிற முடிச்சுகள் முதலில் கறுக்கும். இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்ததும் மாலையை எடுத்து வைத்து, ஒரு ஓய்வு நாளில் முடிச்சுகளை வெட்டி, மணிகளைக் கழுவி, புது நூலில் கோத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு அறுந்தே போனாலும் கீழே விழுவது ஒரு மணி. மற்றவை அவரவர் முடிச்சில் நிற்கும். எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். திரும்பக் கோக்க நூலுக்கு நேரம் அதிகம், கியர் வயருக்குக் குறைவு. உண்மை. ஆனால் மணிகள் கையில் இருந்தால்தானே திரும்பக் கோப்பது என்ற பேச்சே வரும்!

முடிச்சு இன்னொரு வேலையும் செய்கிறது: மணியும் மணியும் உரசாமல் காக்கிறது. கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் முத்து 2.5 முதல் 4.5 வரை, கல்லாகிப்போன மரப்பிசினான ஆம்பர் 2 முதல் 2.5 வரை. ஸ்படிகம் 7. இவற்றை அடுத்தடுத்து வைத்துக் கோத்தால் மென்மையானது தேயும், துளையின் ஓரம் முதலில் பொரியும். நடுவில் ஒரு சிறு முடிச்சு இருந்தால் அந்தக் கவலை இல்லை. மாலை விழுகிற அழகும் வேறு, மணிக்கு மணி மடிந்து கழுத்தோடு ஒட்டி இறங்கும்.

அளவில் மட்டும் கவனம் வேண்டும். 8 மி.மீ. மணியில் 45 செ.மீ. மாலை என்றால், கொக்கிக்கு 2 செ.மீ. விட்டுவிட்டால், முடிச்சில்லாமல் 53 மணி பிடிக்கும். முடிச்சுக்கு ஒரு மி.மீ. வைத்தால் 47 போதும்.

பட்டா நைலானா என்றால், பட்டில் முடிச்சு அழகாக உட்காரும், துவளலும் அதிகம். ஆனால் வியர்வையையும் எண்ணெயையும் உறிஞ்சும், நாளடைவில் நீளும். அடிக்கடி போடுகிற முத்துமாலையை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கோக்கச் சொல்வது இதனால்தான். நான் நைலானில்தான் அதிகம் கோத்திருக்கிறேன். பட்டில் கை வைத்தது குறைவு என்பதால் இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கவில்லை. எந்த நூலானாலும் நனைந்தால் தொங்கவிடாமல் துணியில் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

சரி, கியர் வயருக்கு எப்போது போகலாம்? துளையின் விளிம்பு கூராக இருக்கும் பட்டை தீட்டிய கிரிஸ்டல், உள்ளே பிசிறு நிற்கும் உலோக மணி, கனமான பெரிய கல், இவை நூலை அறுத்துவிடும். அங்கே யோசிக்காமல் வயர். கைக்குப் போடும் சரத்துக்கும் வயர்தான். அது எதிலாவது மாட்டும், இடிபடும், தண்ணீரில் நனையும், முடிச்சுகள் சீக்கிரம் அழுக்காகும். 2 மி.மீ. பாசிமணி மாலைக்கும் முடிச்சு ஒத்துவராது, மணியளவுக்கு முடிச்சும் தெரியும். வயரை வாங்கினால் 49 இழையாகவே வாங்குங்கள். ஒருமுறை ஒடிந்து மடிந்த இடம் திரும்ப நேராகாது என்பதால் எடுத்து வைக்கும்போது அகலமாகச் சுற்றி வையுங்கள்.

நூல் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். அட்டை நூல் 0 முதல் 16 வரை வருகிறது. எண் 0 என்பது 0.30 மி.மீ., எண் 4 என்பது 0.60 மி.மீ., எண் 16 என்பது 1.05 மி.மீ. துளைக்குள் நூல் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு மணியை நுழைத்து, முடிச்சுப் போட்டு, மணியை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். முடிச்சு துளைக்குள் போய்விட்டால் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். கொக்கியை ஒட்டிய மணிகளில் நூல் இரண்டு முறை போய்வர வேண்டியிருக்கும், அதனால் துளை சற்றுப் பெரிதாக உள்ள மணிகளை அந்த இடத்துக்கென்று முதலிலேயே பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.