கோழியின் இரு காவல்கள்: ஹெட்டரோஃபிலும் எதிர்ப்பொருளும்

கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தோப்பில் செத்த நாட்டுக்கோழியை அறுத்துப் பார்த்தபோது, ஈரலை ஒட்டிப் பன்னீர்க்கட்டி போல உலர்ந்த மஞ்சள் திரள் இருந்தது. மனிதப் புண்ணில் சீழ் நீர்த்து வழியும். கோழியில் அப்படி வழிவதில்லை. பாக்டீரியா நுழைந்த சில மணி நேரத்திலேயே விரைந்து வரும் ஹெட்டரோஃபில் என்னும் வெள்ளையணுவில், நம் உடலில் அதே வேலையைச் செய்யும் நியூட்ரோஃபில் வெள்ளையணுவில் உள்ள மையலோபெராக்சிடேஸ் நொதி இல்லாததே அதற்குக் காரணம். எனினும் அது கிருமியை விழுங்கியும், தன் துகள்களிலுள்ள புரதங்களால் துளைத்தும் கொல்கிறது.

இன்னொரு காவலான எதிர்ப்பொருள், அதாவது கிருமியை இனங்கண்டு பற்றும் புரதம், நிதானமானது. எச்சத்துவாரத்தின் மேற்புறமுள்ள பர்சா என்னும் பையில் முதிரும் பி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்களே அதன் பிறப்பிடம் (1956இல்தான் இப்பணி வெளிப்பட்டது). முதல் தொற்றின்போது அது போதிய அளவில் உருவாக ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். ஆனால் பி அணுக்களுக்கு அந்தக் கிருமியின் நினைவு உண்டு. தாய்க்கோழி எதிர்ப்பொருளை மஞ்சள்கருவில் வைத்துக் குஞ்சுக்கும் கொடுத்தனுப்புகிறது. கம்போரோ என்னும் வைரஸ் நோய் பர்சாவைச் சிதைத்துவிட்டால், அடுத்து ஈ.கோலை பாக்டீரியா எளிதில் புகுந்துவிடும்.

இவ்விரண்டில் எது மேல் என்றால், பொரித்த முதல் வாரத்தில் ஹெட்டரோஃபில்கள் முழுத்திறன் பெறாததால், அப்போது தாய் தந்த எதிர்ப்பொருளையே நான் மேலாகக் கருதுவேன். ஆயினும் விழுங்கணுவுக்குள் ஒளிந்துகொள்ளும் சால்மொனெல்லா பாக்டீரியாவிடம் அதுவும் தனித்து எடுபடாது, டி அணுக்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுக்கள் துணைக்கு வர வேண்டும்.