தேங்காய் எண்ணெயா, வாசலினா, லோஷனா?

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு அடையாளங்கள் தெரியும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோய் வெயிலுக்குக் காத்திருக்கும். கெண்டைக்காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். அப்புறம், எதைத் தடவுவது என்று வீட்டுக்குள் ஒரு வாக்குவாதம்.

எதைத் தடவினாலும் அது தோலுக்குள் ஈரத்தைக் கொட்டிவிடும் என்று நினைக்கிறோம். எண்ணெயில் ஏது தண்ணீர்? தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், நடுவே சாந்து மாதிரி இருப்பவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற கொழுப்பு வகைகள். சோப்பும் கொதிக்கிற வெந்நீரும் இந்தச் சாந்தை அரித்துவிடும். இடுக்கு வழியே ஈரம் ஆவியாகும், செல்களின் ஓரம் செதிலாக எழும்பும், கை வைத்தால் சொரசொரப்பு. நாம் தடவுகிற இவற்றுக்கு எமோலியன்ட் என்று பெயர். அது அந்த இடுக்குகளை நிரப்பி, எழும்பிய ஓரங்களைப் படிய வைக்கிற கொழுப்புப் பொருள். பூசியதுமே தோல் வழவழப்பாவது அதனால்தான்.

ஈரத்தை அடைத்துவைப்பதில் வாசலினுக்குப் போட்டியே இல்லை. தோல் வழியான நீரிழப்பை அது 98 சதவீதம் வரை தடுக்கும், மற்ற எண்ணெய்கள் 20, 30 சதவீதத்தோடு நின்றுவிடும் என்பது தோல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில், பம்புத் தண்டுகளில் ஒட்டித் தொல்லை கொடுத்த மெழுகைச் சுத்தப்படுத்தி ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை வாங்கிய பொருள் இது. வாசனை கலக்காத வாசலின் ஒவ்வாமை தருவது மிக அபூர்வம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள், பிசுபிசுப்பு என்றால் என்னவென்று தெரியும். இன்னொன்று, அது ஊறிய துணியில் தீப்பிடித்தால் வேகமாகப் பரவும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. அடுப்படியில் கவனம்.

தேங்காய் எண்ணெய் அவ்வளவு இறுக்கமாக மூடாது. ஆனால் லேசாகப் பரவும், குளித்த உடம்பில் தேய்க்கச் சுகம். அதில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும். கரப்பான் வந்த குழந்தைகளுக்கு மினரல் ஆயிலைவிட (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) சுத்திகரிக்காத வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்ததாகப் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. குழந்தைக்கு உசத்தி என்று விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெயோ நேர் எதிர். அதிலுள்ள ஓலிக் அமிலம் அந்தச் சாந்தையே குலைக்கும். பாட்டி சரி, பேரன்தான் விளம்பரம் பார்த்து ஏமாந்தான்.

லோஷன் பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்தான். காசு அதற்கும் சேர்த்துத்தான் போகிறது. வேலையைச் செய்வது அதில் கலந்த கிளிசரினும் கொஞ்சம் கொழுப்பும். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். காற்று வறண்டிருந்தால் அது தோலின் அடியிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மேலே ஒரு கொழுப்புப் பூச்சு தேவை. சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பகல் நேரத்துக்கு லோஷன் போதும்.

பித்தவெடிப்புக்கு மூன்றுமே தனியாகப் போதாது. தடித்துப்போன தோலை முதலில் இளக்க வேண்டும். அதற்கு 20 சதவீத யூரியா கிரீம், அதன் மேல் வாசலின், அதற்கும் மேல் பழைய பருத்திக் காலுறை. வெடிப்பில் ரத்தம் கசிந்தால் யூரியா வேண்டாம், எரிச்சல் உயிர் போகும்.

எதை எடுத்தாலும் குளித்துத் துண்டால் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த தோலில் அரை பாட்டில் எண்ணெய் தேய்த்தாலும் அடைத்துவைக்க உள்ளே அவ்வளவு ஈரம் இருக்காது. முகத்துக்கு என் ஓட்டு லோஷனுக்குத்தான். தேங்காய் எண்ணெய் பலருக்குப் பருவைக் கிளப்பிவிடும், எனக்கும்தான்.